காலில் கட்டிய உயிர் இழை

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். செத்துப் பிழைத்த ஒருத்தியை ஊரே சேர்ந்து மறுபடி படுக்கவைத்த கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷம். ஆட்டையாம்பட்டியில் வெள்ளிக்கிழமை விடிந்தால் தறிச் சத்தம் கேட்காது. வண்டிமாட்டுச் சலங்கைதான் கேட்கும். ஆத்தூரிலிருந்துகூட ஜனம் வந்து இறங்கும். எல்லாம் இழைச் சித்தரைப் பார்க்கத்தான். விஷக்காய்ச்சலில் பிழைத்தவர்களுக்கு உயிர் இழை அறுந்து தொங்குமாம். சித்தர் அதை முடிச்சுப் போட்டுக் கட்டுவாராம். முடிச்சு இறுகும்வரை கால் தரையில் படக்கூடாது. கஞ்சித் தண்ணீர் தவிர வேறெதுவும் ஆகாது. அப்படியானால் வீட்டு முட்டையும் கோழியும்? சித்தருக்கு. காய்ச்சல் கண்டது ஊருக்கு, உடம்பு தேறியது அவருக்கு.

நம்பியவர்கள் நெசவாளிகள். இழை அறுந்தால் தறியை நிறுத்து, முடிச்சுப் போடாமல் மிதிக்கட்டையில் கால் வைக்காதே என்று பிறந்தது முதல் பழகியவர்கள். சித்தர் அவர்கள் பாஷையிலேயே பேசினார். தலையை ஆட்டிவிட்டார்கள்.

எல்லாரையும்விடப் பலமாக ஆட்டியவன் மாதையன். அவன் மனைவி சாலம்மாளுக்குப் பாடை கட்ட மூங்கில்கூட வெட்டியாகிவிட்டது. அதன்பிறகு கண் திறந்தவள் அவள். மறுபடி பறிகொடுப்போமோ என்ற பயத்தில், அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டான்.

சேலத்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அன்னாள் ஒருநாள் பார்க்க வந்தாள். போர்வையை விலக்கினாள். கெண்டைக்கால் வற்றிப் போயிருந்தது.

"ஏம்புள்ள சாலம்மா, இது காலா, நூல் சுத்துற தார்க்குச்சியா?"

"தரையில வெச்சா உசுரு போயிருமாங்க்கா."

"வெக்காம இருந்தா காலு போயிரும். டாக்டரு கொஞ்சங் கொஞ்சமா நடக்கச் சொன்னாரல்ல? இப்படியே கெடந்தா அப்புறம் எந்திரிக்கவே மாட்டே. நல்லாத் தின்னு, நட."

"எம்பட ஊட்டுக்காரரு நம்போணுமே."

"அப்ப நம்ப வெய்யி."

அடுத்த வெள்ளிக்கிழமை. மாதையன் வீட்டு வாசல் பந்தலில் சித்தரின் பானை. வாயில் மஞ்சள் துணி. அதற்குள்ளிருந்து ஒரு நூல் புறப்பட்டு, கதவிடுக்கு வழியாகப் போய், சாலம்மாளின் கால் பெருவிரலில் முடிந்திருந்தது. பிறர் மூச்சுப் பட்டால் முடிச்சு அவிழுமாம். அதனால் உள்ளே யாரும் போகக்கூடாது. எவ்வளவு வசதியான சட்டம், பார்த்தீர்களா?

உள்ளே சாலம்மாள் நூலை அவிழ்த்தாள். காலைத் தரையில் வைத்தாள். உயிர் போகவில்லை. முழங்கால்தான் கிடுகிடுத்தது. உட்கார்ந்தாள், சுவரைப் பிடித்து எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் தவழ்ந்தே போய் மூலையில் இருந்த ஆட்டுக்கல்லில் நூலைக் கட்டினாள்.

வெளியே ஒவ்வொருவராக நூலைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"விண்ணு விண்ணுனு துடிக்குதுங்க சாமி," என்றாள் கந்தம்மாள்.

சித்தர் கண்ணை மூடி விரலை வைத்தார். "முடிச்சு பாதி இறுகிருச்சு. இந்த உசுருக்கு இப்பப் பசியில்லை. நடக்கவும் ஆசையில்லை. இன்னொரு மண்டலம் கெடக்கட்டும்."

"அதுக்கு எப்பவுமே பசியில்லைங்க சாமி." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சாலம்மாள் நின்றாள். "நடக்கவும் ஆசைப்படாதுங்க. அது ஆட்டுக்கல்லுங்க."

மாதையன் உள்ளே ஓடினான். நூலைப் பிடித்துக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏனுங்க சாமி," என்றான் மெதுவாக, "ஆட்டுக்கல்லுக்கு எப்பங்க காய்ச்சல் வந்துச்சு?"

சித்தர் பானையைத் தூக்கப் பார்த்தார். மாதையன் முந்திக்கொண்டு துணியைக் கிழித்தான். உள்ளே கொழுத்த ஏரி நண்டு ஒன்று, காலில் நூலோடு. பானை உருண்டது. நண்டு இறங்கியது. பந்தலில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு ஆடினார்கள் பாருங்கள், திருவிழாவில்கூட அப்படி ஓர் ஆட்டம் இல்லை. நண்டு பக்கவாட்டில் ஓடியது, சித்தர் நேராக ஓடினார். இரண்டையும் யாரும் பிடிக்கவில்லை.

"நண்டுக்குள்ள சாமி இறங்கியிருக்குமோ என்னமோ," என்று அப்போதும் ஒரு குரல் கேட்டது. என்ன செய்ய?

மாதையன் மனைவியைத் தூக்கக் குனிந்தான்.

"தூக்க வேண்டாங்க. கையை மட்டும் குடுங்க."

கையைக் கொடுத்தான். தெருவில் நீள விரித்திருந்த பாவு நூலை ஒட்டி, நின்று நின்று, அவள் நடந்தாள். அவன் அழுதுகொண்டே கூட நடந்தான்.

நூலைத் தொட்டுப் பார்க்க அத்தனை விரல்கள் நீண்டன. பானையைத் திறந்து பார்க்க அதுவரை ஒரு விரல்கூட நீளவில்லையே, கண்ணுகளா. அந்த ஒரு விரல் உங்களுடையதாக இருக்கட்டும். நோயில் விழுந்தவர் எழுந்து, வயிறாரத் தின்று, தம் காலால் வாசல் தாண்டட்டும். கேள்வி கேட்கிற பிள்ளைகளால் உங்கள் வீடு நிறையட்டும்.