ஹைட்ரஜனைப் பிடுங்கிய பாயசம்

தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, தங்கை மல்லிகா, நான். எதிர்ப் பாயில் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தாய்மாமன், தங்கை கஸ்தூரி. பத்தாவதாக வரவேண்டிய தாமோதரன் சார் கொஞ்சம் தாமதித்துவிட்டார். அவர் நேரத்துக்கு வந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கவலைப்படுவதை மட்டும் நிறுத்தியதில்லை. பல்லி மேலே விழுந்தால் பலன் பார்ப்பேன். விழாவிட்டால் ஏன் இன்னும் விழவில்லை என்று கவலைப்படுவேன். இப்படிப்பட்டவனுக்கு அமைந்த வேலையைப் பாருங்கள். பைப் யார்டில் கான்ட்ராக்ட் ஆள். வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். சுற்றிலும் கயிறு கட்டி, ஆடு, மாடு, ஆள் எதுவும் உள்ளே போகாமல் நான் விசில் ஊத வேண்டும்.

படம் எடுப்பவர்தான் தாமோதரன் சார். நிச்சயதார்த்தத்தன்று காலையில், மனசு கேட்காமல் அவரிடம் கேட்டேன்: "ஏன் சார், கண்ணுக்கே தெரியாத கதிரு உடம்ப என்ன பண்ணும்?"

"உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானப்பா. கதிர் பட்டா தண்ணி உடையும். உடைஞ்ச துண்டுல ஒரு எலக்ட்ரான் ஜோடியில்லாம நிக்கும். அதுக்கு ராடிகல்னு பேரு. அதால சும்மா இருக்க முடியாது. பக்கத்துல சர்க்கரை, கொழுப்பு, புரதம் எது இருந்தாலும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கும். பறிகொடுத்தது இப்ப ஜோடியில்லாம நிக்கும். அது அடுத்ததுமேல பாயும்."

"அப்ப இதுக்கு முடிவே கிடையாதா சார்?"

"ஜோடியில்லாத ரெண்டு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டா சேர்ந்துடும். அதோட அடங்கிடும்."

தலையாட்டிக்கொண்டே திரும்பினேன். கயிற்றுக்குள்ளே, பெரிய பைப்பின் நிழலில், பாயசத்துக்காக வடக்குத்து கிராமத்தில் நான் வாங்கிவந்த பால் கேன் உட்கார்ந்திருந்தது. கயிறு கட்டுவதற்கு முன்னால் நானே வைத்தது. ஆடு, மாடு, ஆள் மூன்றையும் தடுத்தவன் கேனை மறந்துவிட்டேன். படமும் எடுத்து முடிந்திருந்தது. (சாரிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் சம்பந்தி போவார்.) சொல்லவில்லை.

வீட்டு வாசலிலேயே அம்மா கேனைப் பறித்துக்கொண்டாள்.

"எங்கடா சுத்திகினு வர? அவங்கள்லாம் வந்து குந்தியாச்சு!"

"அம்மா, இந்தப் பாலு..."

"திரிஞ்சிடுச்சா?"

"இல்ல..."

"அப்ப வழிவுடு."

அரை மணியில் கேசரிப் பவுடர் போட்ட பாயசம் ஹாலுக்கு வந்தது. தண்ணீர், சர்க்கரை, கொழுப்பு, புரதம். சார் சொன்ன அத்தனையும் ஒரே டம்ளரில்! மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைத் தூக்கினார். நான் பாய்ந்து பிடுங்கினேன்.

"குடிக்காதீங்க! உள்ள போயி ஹைட்ரஜனைப் பிடுங்கிடும்!"

பாயசம் பறந்து கஸ்தூரியின் சேலையில் விழுந்தது.

"என்னாத்தப் புடுங்கும்?" என்றார் தாய்மாமன்.

"கெடச்சதையெல்லாம், மாமா. அப்புறம் அது அடுத்ததுமேல பாயும்."

"டேய், காலையிலயே ஊத்திகினியா?" என்றார் அப்பா.

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எழுந்திருங்க மச்சான். பாயசத்தையே கையிலேந்து புடுங்கறாங்க. இந்த வூட்ல பொண்ணு எடுத்தா நாளைக்கு சோத்துத் தட்டையும் புடுங்குவாங்க."

அடுக்களை வாசலில் மல்லிகா முகம் செத்துப் போய் நின்றாள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால், போக்கியது அண்ணன்.

அப்போதுதான் கஸ்தூரி காலி டம்ளரைக் காட்டினாள். "நான் அப்பவே குடிச்சிட்டேனே?"

கண் செருகுமா, வாயில் நுரை வருமா என்று இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாருங்க, நம்ம பொண்ண எப்படி மொறச்சிகினு நிக்கறான்!" என்று மாமன் கத்தும்போது தாமோதரன் சார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு டம்ளர் பாயசம் வாங்கி, நின்றபடியே குடித்து முடித்தார்.

"கதிர் பாலுக்குள்ள தங்காதுங்க. விளக்கை அணைச்சா வெளிச்சம் தங்குதா? அந்தப் பிடுங்கல் எல்லாம் கண் இமைக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுவும் துளியூண்டு. அடுப்புல அந்தப் பால் பட்ட பாடு அதைவிட அதிகம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கயித்துக்குள்ள கேன் வெச்சதுக்கு நாளைக்கு யார்டுல இருக்கு உனக்கு."

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் அப்பாதான். "இன்னொரு டம்ளர் குடும்மா. என் ஹைட்ரஜன் போனா போவுது." தட்டு மாறியது.

மறு வருஷமே கஸ்தூரி எனக்கு மனைவியானாள். ஜோடியில்லாத இரண்டு முட்டிக்கொண்டதால் அடங்கிவிட்டது என்று தாமோதரன் சார் பந்தியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று இமைக்காமல் பார்த்தது கண்டதும் வந்த ஆசை என்றே அவள் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள். உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் முறுக்குக்கு அடித்துக்கொண்டால்கூட, "ஐயோ, ஹைட்ரஜன் போச்சே!" என்றுதான் அலறுவார்கள்.

அவளுக்கு என்மேல் இருக்கும் ஆசை பொய்யில்லை. ஆனால் அந்தச் சேலை அவள் தன் கையாலேயே தறியில் நெய்தது. கேசரிப் பவுடர் கறை போகவே இல்லை. கல்யாணம் வேறு, சேலை வேறு என்பது அவள் கட்சி. சேலை விலை நாற்பத்திரண்டு ரூபாய், நான் அவளுக்கு இன்னும் பாக்கி.