மகாலில் எனக்குப் பேச்சு வந்த கதை

கூச்சத்துக்கு மாத்திரை கிடையாது. இருந்திருந்தால் எங்கள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டி எப்போதோ வாங்கிப் போட்டிருப்பேன். அறுபத்தெட்டு வயசாகிறது, இன்னும் தயிர்க்காரர் மணி அடித்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பாத்திரத்தை நீட்டுகிறேன். பத்து வருஷமாக அவர் என் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறார். (ஒரு நாள் மார்க்கெட்டில் எதிரே வந்தவர் யாரோ என்று தாண்டிப் போனார். அப்புறம் என் வளையலைப் பார்த்துத் திரும்பி, "என்னாம்மா, நேத்து ஏன் தயிர் வாங்கல?" என்றார்.)

இதை நானே முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் மதுரைக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாட்டிக்கொண்டவள் நான், நானே சொல்கிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், பொய் இருக்காது.

அந்த அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. திருமலை நாயக்கர் மகால். யானை தடிமனுக்குத் தூண்கள், ஒரு தூணின் அடியில் எறும்பு மாதிரி ஒரு ஆள். அந்த ஆள் நின்ற இடத்தில் ஒரு தடவை நிற்கணும் என்று எனக்கு ஆசை. கல்யாணமாகி சேத்தியாத்தோப்பிலிருந்து நெய்வேலிக்கு வந்ததும் எங்க வூட்டுக்காரரிடம் சொன்னேன். "அதுக்கென்னா, லீவு போட்டுட்டுப் போவலாம்" என்றார். மைன்ஸில் ஷிப்ட் வேலை. வருஷா வருஷம் லீவு எழுதிக் கொடுத்தேன் என்பார், சாங்ஷன் ஆகவில்லை என்பார். "ரிலீவர் இல்ல, அஞ்சலை. நான் வந்துட்டா என் எடத்துல யாரு நிப்பா?" முப்பத்தாறு வருஷம் இதே பதில்தான். ரிட்டையரும் ஆனார். பெரிய மகனும் மைன்ஸில் பர்மனென்ட் என்பதால் இப்போது அவன் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். இனிமேல் ரிலீவர் வேண்டாமே என்று கேட்டால், முட்டி வலி என்றார்.

போன தை மாசம் எதிர் குவார்ட்டர்ஸ் பாக்கியம் அக்காவும், பக்கத்து பிளாக் ராஜாமணியும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, "நாம மூணு பேரும் மதுரைக்குப் போலாமா? ரெண்டு நாளு. பிளான் நான் போடறேன்" என்றேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. இவர்தான்.

"நீயா? தயிர்க்காரன்கிட்டயே வாயத் தொறக்க மாட்டே. மதுரையில யார்கிட்ட வழி கேப்பே? பாக்கியம் அக்கா வாயி மேல ஏறிக்கினு போவே, எறங்கி வருவே. அவ்ளோதான்."

"பாக்கியம் அக்கா ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நானே கூட்டிக்கினு போயி, நானே கூட்டிக்கினு வருவேன். உங்களுக்கு ஒரு போன் பண்ண மாட்டேன்."

"பண்ணிட்டா?"

"பண்ணிட்டா இனிமே சாவற வரைக்கும் ஊருக்குப் போற பேச்சே எடுக்க மாட்டேன்."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். பாக்கியம் அக்கா முகம் செத்துப் போயிற்று. "ரெண்டு நாளு நான் பேசாம இருக்கணுமாடி?" (அக்கா வாசலில் நின்று பேசினால் மெயின் ரோட்டில் போகிற பஸ், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நிற்கும்.) ராஜாமணிக்குக் காது மந்தம். அவள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தலையாட்டு ஆட்டினாள்.

அன்றைக்கே பிளான் போட உட்கார்ந்தேன். நாற்பது வருஷமாகக் குழாய் ஒழுகினாலும் பல்பு போனாலும் நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. மெயின்டனன்ஸ் ஆபீஸில் சீட்டு எழுதிப் போடுவேன். பெயர், பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர், விவரம். கடைசியில் 'அவசரம்' என்று எழுதி அடியில் ரெண்டு கோடு. ஆள் வருவார், கழற்றுவார், மாட்டுவார், போவார். நடுவில் பேச்சே கிடையாது. நெய்வேலியே சீட்டில் ஓடும்போது மதுரை ஓடாதா? பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் பதினோரு சீட்டு எழுதினேன். ஒரு சீட்டு மகாலுக்கு, ஒன்று மீனாட்சியம்மன் கோயிலுக்கு, ஒன்று தெப்பக்குளத்துக்கு, ஒன்று 'காரம் இல்லாத சாப்பாடு எங்கே' என்பதற்கு. ராஜாமணியின் நாத்தனார் வீட்டில் ராத்தங்கல். அதற்கும் ஒரு சீட்டு. பதினொன்றிலும் என் பெயர், பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர், அவசரம், ரெண்டு கோடு. எனக்கே கையைத் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

விருத்தாசலத்தில் ரயில் ஏறி மதியம் மதுரையில் இறங்கினோம். ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோக்காரர், "எங்கிட்டும்மா போகணும்? வாங்க, வாங்க!" என்று ஓடி வந்தார். நான் முதல் சீட்டை நீட்டினேன்.

அவர் படித்தார். என்னைப் பார்த்தார். பாக்கியம் அக்காவைப் பார்த்தார். அக்கா எங்கே வார்த்தை விழுந்துவிடுமோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ராஜாமணியிடம் "மூணு பேருமாம்மா?" என்று கேட்டார். அவள் வழக்கம்போலத் தலையை ஆட்டினாள். ஆட்டோக்காரர் முகம் அப்படியே உருகிவிட்டது. ரெண்டு கையையும் ஸ்டியரிங் மாதிரி ஆட்டிக் காட்டி, 'நான் கூட்டிட்டுப் போறேன்' என்று ஜாடை செய்தார்.

அப்போதே, "ஐயா, எங்களுக்கு வாய் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கணும். ஆனால் முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் நான் பேசுகிற முதல் பேச்சு, 'எனக்குப் பேச வரும்' என்பதாகவா இருக்கும்? நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் 'அவசரம்' பார்த்த வேகத்தில் ஆட்டோவை ஆம்புலன்ஸ் மாதிரி விரட்டினார். போகும்போதே பொண்டாட்டிக்குப் போன்.

"மூணு பேருமே பேச முடியாதவங்கடி, பாவம். காதும் கேக்காது போல. நடுவுல ஒரு குண்டம்மா உக்காந்திருக்கு, அது முழியப் பாத்தாத்தான் எனக்கு மனசே ஆறல."

நடுவில் உட்கார்ந்திருந்தது பாக்கியம் அக்கா. என் தொடையில் அவள் கிள்ளிய கிள்ளு நாலு நாள் இருந்தது.

மகால் வாசலில் ஆட்டோக்காரர் எங்களை ஒரு கைடிடம் கையில் பிடித்துக் கொடுத்தார். கண்ணாடி போட்ட, அம்பது வயசு மதிக்கத்தக்க மனுஷர். அவரும் உருகினார். உருகி, மொத்த மகாலையும் எங்களுக்குக் கையாலேயே சொல்ல ஆரம்பித்தார். ராஜாவுக்கு மீசையை முறுக்கினார். ராஜாவின் தொந்திக்கு வயிற்றைத் தடவினார் (பாக்கியம் அக்கா அதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்). தூண் ஏன் இவ்வளவு வழவழப்பு என்றால், சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசினார்களாம். இதை அவர் எப்படிச் சொன்னார்? ரெண்டு கையையும் இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு கோழியாகக் குந்தினார். முட்டையிட்டார். எழுந்து அதை எடுத்து உடைத்தார். மஞ்சளைத் தூக்கிப் போட்டார். வெள்ளையைத் தூணில் தேய்த்தார். சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாயக்கரை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் ராஜாமணி முகத்தைப் பார்க்கணுமே! பல வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் சொல்வது அவளுக்கு முழுசாகப் புரிந்துகொண்டிருந்தது.

நான் மெதுவாக நகர்ந்து ஒரு தூணின் அடியில் போய் நின்று மேலே பார்த்தேன். மைன்ஸில் மண்ணை வெட்டுகிற அந்தப் பெரிய சக்கர மெஷினைப் பார்த்த கண் எனக்கு. சின்னதெல்லாம் மிரட்டாது. இந்தத் தூண் மிரட்டியது. எறும்பாக நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்போதுதான் என் பையில் போன் அடித்தது.

எனக்குத்தான் காது கேட்காதே! தூணைப் பார்த்தபடியே நின்றேன். அது அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அந்த மண்டபத்தில் கொசு பாடினாலே கச்சேரி மாதிரிக் கேட்கும். கைடு என் தோளைத் தொட்டு, காதில் கை வைத்துக் காட்டி, 'நான் எடுக்கட்டுமா' என்று ஜாடையாகக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் எடுத்துவிட்டார்.

"ஐயா, வீட்டுக்காரருங்களா? கவலைப்படாதீங்க. வாய் பேச முடியாதவங்க மூணு பேரையும் நாங்க பத்திரமாப் பாத்துக்கறோம்."

எங்க வூட்டுக்காரர் மைன்ஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகினவர். போனில் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

"என்னாது? பேச முடியலியா? காலையில நல்லாத்தான பேசுனா! ஐயோ, என்னாத்தத் தின்னாளோ! சார், அவள அங்கியே குந்த வைங்க. நான் பஸ்ஸப் புடிச்சி வந்து கூட்டிக்கினு வந்துடறேன்!"

கூட்டிக்கினு வருவாராம். முப்பத்தாறு வருஷம் லீவு கிடைக்காத மனுஷர், முட்டி வலி மனுஷர், நான் தூணடியில் நிற்கிற அன்றைக்குக் கிளம்பி வருவாராம். வந்துவிட்டால் அவ்வளவுதான். இனிமேல் என் பயணம் தயிர்ப் பாத்திரத்தோடு முடிந்துவிடும்.

போனைப் பிடுங்கினேன்.

"ஒருத்தரும் வர வேணாம்! நான் போன் பண்ணல, நீங்கதான் பண்ணீங்க! நான் மகாலப் பாத்துக்கினு இருக்கேன்! பாத்துட்டு நானே வருவேன்!"

வருவேன், வருவேன், வருவேன் என்று மண்டபம் எனக்காக மூன்று தடவை திருப்பிச் சொன்னது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் ஒரு சின்னப் பெண் கத்தினாள்: "டீச்சர்! பாட்டிக்குப் பேச்சு வந்துருச்சு!"

பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "தாயே மீனாட்சி!" என்று கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். என்ன ஆச்சு என்று வாசலில் காத்திருந்த ஆட்டோக்காரர் உள்ளே ஓடி வந்தார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த பாக்கியம் அக்கா அவரைப் பார்த்ததும், "யாருய்யா குண்டம்மா?" என்று அலறினாள். ரெண்டாவது அற்புதம்! பூக்காரம்மா விழுந்தே கும்பிட்டுவிட்டாள். அந்தக் கலவரத்தில் ராஜாமணி என் கையைச் சுரண்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஏன் நிறுத்திட்டாரு? கோழி வரைக்கும் வந்தாரு. மேல என்னா ஆச்சுன்னு சொல்லச் சொல்லுடி" என்றாள்.

மூன்றாவது.

நான் அந்த அம்மாவைத் தூக்கி நிறுத்தி எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொன்னேன். கூச்சத்தில் சீட்டு எழுதினது, அதற்கப்புறம் வாயைத் திறக்க வெட்கப்பட்டது, எல்லாமே. கைடு காலைத் தடவிக்கொண்டார். "மொதல்லயே சொல்லியிருந்தா நான் குந்தி எந்திரிச்சிருக்க வேணாமேம்மா?"

"மன்னிச்சிக்குங்க சார். ஆனா நீங்க வாயால சொல்லியிருந்தா எங்க ராஜாமணிக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது" என்றேன். அவர் ராஜாமணியைப் பார்த்தார். அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெருமூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி மீசையை முறுக்கினார். மிச்ச மகாலையும் கையாலேயே பார்த்து முடித்தோம்.

அடுத்த நாள் கோயிலுக்கு நானே வாயால் வழி கேட்டேன். தெப்பக்குளத்துக்கும் கேட்டேன். (சாப்பாட்டுக் கடையில் கூச்சம் வந்துவிட்டது, சீட்டைக் கொடுத்தேன். வந்த சாப்பாடு காரமாகத்தான் இருந்தது.) மூணு பேரும் சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். நான் ஒரு போன் பண்ணவில்லை.

ஆனாலும் எங்கள் வீட்டில் ஜெயித்தவளுக்கு மரியாதை கிடையாது. நான் கொஞ்சம் குரலை உசத்தினால் பேரப்பிள்ளைகள், "பேச்சு வந்துருச்சு!" என்று கத்துகின்றன. முட்டை தோசை என்றால் என் மகன், வளர்ந்த ஆம்பிளை, பர்மனென்ட் எம்ப்ளாயி, அடுப்பங்கரையில் கோழியாகக் குந்துகிறான். சிரிக்கட்டும். தூணடியில் நின்றது அவர்களா, நானா?

இப்போது அடுத்த பிளான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐதராபாத். அங்கே யார் பேசினாலும் எங்களுக்குப் புரியாது, நாங்கள் பேசினாலும் யாருக்கும் புரியாது. எனக்குத் தோதான ஊர். ராஜாமணிதான் அவசரப்படுத்துகிறாள்.

போன வாரம் என் தலையணைக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. இவர் கையெழுத்து. பெயர், பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர் எல்லாம் முறைப்படி இருந்தது. விவரம்: நானும் வர வேண்டும். அவசரம். அடியில் ரெண்டு கோடு.

ரெண்டு தடவை படித்தேன். பேனாவை எடுத்துக் கீழே எழுதி, அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துவிட்டேன்.

'சாங்ஷன் ஆகவில்லை. ரிலீவர் இல்லை. நீங்க வந்துட்டா தயிர் யாரு வாங்குவா?'