பியானோ நிகழ்ச்சியில் கடைசி இடம் எனக்கே

பெருமதிப்பிற்குரிய மாமாவுக்கு, மருமகன் பணிவோடு (எழுதும்போது மட்டும்) எழுதிக்கொள்வது.

உலகமே உற்றுக் கவனிக்க வேண்டிய செய்தி: வரும் சனிக்கிழமை மாலை எங்கள் பியானோ வகுப்பின் நிகழ்ச்சியில் யாருக்குப் பின் யார் வாசிப்பது என்று தீர்மானித்தவன் அடியேன். டிக் டிக்கென்று தாளம் தட்டும் மெட்ரோனோமை ஒளித்துவைத்ததற்கு டீச்சர் கொடுத்த தண்டனைதான் இது. வரலாற்றில் அதையெல்லாம் எழுத மாட்டார்கள். "உருப்படிகளை வரிசைப்படுத்த இந்த உருப்படாதவன்தான் கிடைச்சானா?" என்றார் அப்பா. பொறாமை.

இந்த முறையும் நான் வாசிக்கும்போது பாதியில் நின்றால், நீங்கள் தந்த பியானோவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். கவலையை விடுங்கள். மொத்தம் பதினோரு பேர், அதில் மூன்று பேருக்கு ஒரே வால்ட்ஸ் மெட்டு, அடுத்தடுத்துப் போட்டால் முதல் ஆள் விழுங்கிய சுரத்தை இரண்டாம் ஆள் காட்டிக்கொடுத்துவிடுவான் என்று பிரித்துவைத்தேன், இடையில் பல் டாக்டரின் பிள்ளைகள் இருவரையும் நுழைத்தால் இரண்டும் சோகம், "டேய், ரெண்டு அழுகையைச் சேர்த்து வச்சா சபையே தூங்கிடும்டா, நடுவுல ஒரு துள்ளல் போடு" என்றார் டீச்சர், துள்ளலுக்கு இருப்பதோ ஆறு வயது வாண்டு ஒன்று, அவள் வாசிப்பது நாற்பது விநாடி, அவளுக்காக ஸ்டூலைத் திருகி உயர்த்த இரண்டு நிமிடம், எனவே துள்ளலைத் துரத்திவிட்டு உயரப்படி வரிசை போட்டேன், ஸ்டூல் ஒருமுறை இறங்கினால் இறங்கியதுதான். கடைசி இடம் மட்டும் உயரம் பார்க்காது, மேதைகளுக்கு உரியது. அங்கே நான். தங்கச்சி தாளைப் பார்த்துவிட்டு, "கடைசியா நீயா? அப்ப கைதட்டல் கேக்காதுடா, கதவுச் சத்தம்தான் கேக்கும்" என்றாள். விவரம் தெரியாதவள்.

மாமிக்கு என் வணக்கம். குட்டிப் பயலின் கன்னத்தை என் சார்பில் ஒருமுறை கிள்ளவும்.

தங்கள் ஆசியையும் அதைவிடத் தங்கள் பொறுமையையும் வேண்டும்,
மருமகன்

பி.கு: மாமா, தங்கச்சிக்கு விவரம் தெரியும். தன் பிள்ளை வாசித்து முடித்ததும் வீட்டுக்குக் கிளம்புவதுதான் இங்கே எல்லோருக்கும் வழக்கம். உங்களுக்கும் ஊர் திரும்ப ஏழு மணிக்கு ரயில். அதனால்தான் கடைசி இடம் பிடித்தேன். என் உருப்படியின் இரண்டு பக்கத்தில் எனக்கு ஒரு பக்கம்தான் தெரியும். மூன்று நாளுக்கு முன் டீச்சர், "நீ வாசிச்ச பிறகுதான்டா எல்லாருக்கும் சான்றிதழ்" என்று சொல்லிவிட்டார். இனி ஒரு பெற்றோரும் நகர மாட்டார். அம்மாவும் உங்கள் டிக்கெட்டை ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டாம் பக்கத்தோடு மல்லுக்கட்டுகிறேன், நாலு வரி தேறியிருக்கிறது. சத்தியமாக, நன்றாகவே இருக்கிறது. பியானோ போய்விட்டால் மீதியை எதில் வாசிப்பேன்? கட்டாயம் வாருங்கள். ரயிலிலேயே வாருங்கள் மாமா, லாரி வேண்டாம்.