என் வீட்டின் மேல் வைத்த புள்ளியை எடுக்கக் கோரி

கும்மிடிப்பூண்டி,
ஆகஸ்ட் 2007

மருத்துவ ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, கம்பெனிக்குப் பின் தெரு அமீருதீன் சலாம் கூறி, மருமகள் ஷமீமா கையால் எழுதிக்கொள்வது. 'இங்கு அனைவரும் நலம்' என்று ஷமீமா தொடங்கினாள். புகார்க் கடிதத்தில் பொய் கூடாதென்று நான்தான் அடிக்கச் சொன்னேன். தாங்கள் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

ஐயா, எனக்கு எழுத்து தெரியாது, கேட்டது மறக்காது. போன வருஷம் கைகால் மூட்டை முடக்கும் காய்ச்சல் வந்தபோது உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிற டாக்டர்கள் வீடு வீடாக வந்தார்கள், கேள்வி கேட்டார்கள், கொல்லையை எட்டிப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள். "உங்க ஊட்ல யாருக்குனா ஜுரம் வந்துச்சா?" என்றார்கள். "ஒருத்தருக்கும் இல்ல, அல்லா காப்பாத்திட்டான்" என்று இந்த வாயால்தான் சொன்னேன். இப்போது அந்தச் சங்கதி அச்சாகி, ஒரு பிரதி தபாலில் வந்தது. இங்கிலீஷ், ஷமீமாவுக்கே பாதி ஓடவில்லை. நடுவில் எங்கள் தெருவின் படம், சில வீடுகள் மேல் கறுப்புப் புள்ளி. காய்ச்சலே வராத என் வீட்டின் மேலும் ஒன்று. அச்சுப் பிழை என்று சிரித்துவிட்டுப் பால் சட்டிக்கு அதையே மூடியாக வைத்தேன்.

பிறகு மழை பெய்தது. போன முறை தப்பித்த செல்வி வீட்டில் காய்ச்சல். படத்தில் பார்த்தால் புள்ளி. அடுத்து சுப்பிரமணி வீடு, அங்கும் புள்ளி. ஐயா, காய்ச்சல் உங்கள் பத்திரிகையைப் படித்துக்கொண்டே வருகிறது! சாயங்காலமானால் தெருக்காரர்கள் வந்து படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முத்தம்மா தன் வீட்டுப் புள்ளியை நகத்தால் சுரண்டினாள். "இன்னா பாய், போவ மாட்டேங்குது?" என்றாள். மறுநாள் அவளும் படுத்துவிட்டாள். காய்ச்சல் தொடாத புள்ளி இனி என்னுடையது மட்டுந்தான். இன்று காலை என் வீட்டுக்காரி ஜெய்னம்பு சொம்பைக் கீழே போட்டுவிட்டு, "கை வழுக்கிச்சு" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கை வழுக்கி நான் பார்த்ததில்லை. ஆகவே அடுத்த புத்தகத்தில் என் புள்ளியை எடுத்துவிட வேண்டும்.

தங்களுக்கும் அச்சுக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கைகால் மூட்டெல்லாம் நல்லபடி மடங்கி நிமிர ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
அமீருதீன் (கைநாட்டு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் சுகாதார ஆய்வாளர் மணவாளன் உங்கள் பத்திரிகையும் கையுமாக வந்தார். "பெரியவரே, புள்ளி ஜுரத்துக்கு இல்ல. அன்னிக்கு எந்த ஊட்டு ட்ரம்முல கொசுப்புழு இருந்துச்சோ, அந்த ஊட்டுக்கு" என்று சொல்லி, கொல்லையில் இருந்த நீல ட்ரம்மைக் கவிழ்த்து, ஜெய்னம்புவை ஜீப்பிலேயே பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். ஆகவே என் புள்ளியை எடுக்கவே வேண்டாம். ஆனால் எதிர் வீட்டு அஸ்கர் அலி, டாக்டர்கள் வந்த அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு பழவேற்காடு போயிருந்தான். படத்தில் அவன் வீட்டுக்குப் புள்ளி இல்லை. புள்ளி பார்த்து வந்த ஜீப் அந்த வாசலில் நிற்கவில்லை. இப்போது அவன் ஜன்னலில் நிற்கிறான். விரல் மடங்காமல், இரண்டு மணிக்கட்டாலும் கம்பியை இடுக்கிக்கொண்டு, "சாச்சா, எனக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லி எழுதேன்" என்கிறான்.