எல்லோருக்கும் ஒரே மூலம்

"மருமகன், சந்தியில கட்டின பேனர இப்பவே கழட்டுறீங்களா, இல்லாட்டி உங்கட உடுப்புப் பேக்க நான் கட்டி வெக்கவா?"

மாமனார் ஆதம்பாவா அண்ணாவியார் தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான். சுபியானின் விளையாட்டு உத்தியோகத்தர் கெத்தெல்லாம் கந்தோரில் நாலேகால் மணிவரைக்கும்தான். அதற்குப் பிறகு அவன் மனைவி வீட்டோடு மாப்பிள்ளை. கல்முனையில் ஆண்கள் பலருக்கும் அதே கதிதான் என்றாலும், எல்லோருடைய மாமனாரும் சீனடி அடிமுறை கற்பிக்கும் அண்ணாவியார் அல்லவே.

விஷயம் என்னவோ சின்னதுதான். சனிக்கிழமை மைதானத்தில் தற்காப்புக் கலைக் காட்சி. பின்னாலிருந்து ஆளை மடியோடு இழுத்து, கைகளைப் பூட்டி, கால்களுக்குள் கால் விட்டு விரித்து, அசையவே விடாமல் அமத்துகிற ஒரு பிடி இருக்கிறது. அதை ஜூடோ மாஸ்டர் முர்ஷித் செய்து காட்டுவதாக ஏற்பாடு. சுபியான் யோசிக்காமல் 'யப்பான் தந்த பிடி' என்று பதாகை அடித்துவிட்டான்.

"சீனத்துக் கப்பல்காரன் எங்கட மூத்தவாப்பாக்குப் படிச்சுக் குடுத்த பிடி அது! சீனடி எண்டு பேரு எதுக்கு வெச்சிரிக்கி? சீனி விக்கவா?"

"கோவிக்காதீங்க மாமா, மாத்துறன்."

மாற்றினான். 'சீனம் தந்த பிடி' என்று புதுப் பதாகை ஏறியது. அரை மணித்தியாலத்தில் முர்ஷித் கந்தோருக்கே வந்துவிட்டார். கட்டாரில் ஏழு வருஷம் வேலை செய்தபோது ஒரு யப்பான்காரனிடம் ஜூடோ படித்தவர். அதைவிட முக்கியம், அவர் சுபியானின் கூடப்பிறந்த மூத்த ராத்தாவைக் கட்டியவர். சுபியான் பிறந்து வளர்ந்த வீட்டில் இப்போது இருப்பவர் அவர்தான்.

"மச்சான், ஒங்கட மாமனார் துரத்தினா எங்க வந்து படுப்பீங்க?"

"உம்மாட வீட்டதான்."

"அந்த வீட்டுக் கதவத் துறக்கிறது ஆரு?"

ஒரு வீட்டில் பிரச்சினை என்றால் மற்ற வீடு இருக்கிறது என்பதுதான் சுபியானுக்குக் கலியாணம் கட்டிய நாளிலிருந்தே இருந்த ஒரே தைரியம். இப்போது இரண்டு வீட்டுக் கதவும் ஒரே பிடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

மனைவி நதீரா வெங்காயம் உரித்துக்கொண்டே வழி சொன்னாள். "ரெண்டும் ஒரே எடத்துலரிந்துதான் வந்திச்சி எண்டு போடுங்களன். ஆரு போய்ப் பாத்த?"

அடடா, இது தோன்றவில்லையே! சுபியான் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தான். அச்சடிப்பவன் இடம் போதாமல் 'மல்லுக்கலைஞர்' என்ற முதல் வரியை எறும்பளவாக்கி, மிச்சத்தைச் சிவப்பில் ஆளுயரத்துக்கு அடித்தான்:

எல்லோருக்கும் ஒரே மூலம்! சனி மாலை 4 மணி. அனுமதி இலவசம்.

கீழே சுபியானின் தொலைபேசி இலக்கம்.

முதல் அழைப்பு சாய்ந்தமருதிலிருந்து. "மகன், மூலத்துக்குக் கிளினிக் வெக்கிறீங்களாம். வெறும் வயித்தோடயா வரணும்?"

"கிளினிக் இல்ல ராத்தா, இது மல்லுக்கட்டு."

"அது எனக்குத் தெரியாதா வாப்பா? விடியச் சாமத்துல எழும்பினா நம்மட ஊட்டுக்காரருக்கும் மல்லுக்கட்டுத்தான்."

சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் கதிரை வேண்டாமென்று நின்றார்கள். "இருக்காத சனத்துக்கு எதுக்குடாப்பா முந்நூறு கதிரை?" என்று முணுமுணுத்தபடி, எழுபத்தைந்து வயதிலும் தானே கதிரை அடுக்கும் வாடகைக்கார மீராலெவ்வைக் காக்கா அவற்றைத் திரும்ப மடிக்கத் தொடங்கினார்.

மேடையில் இரண்டு மாஸ்டர்களும் தன் பிடிதான் அசல் என்று முறைத்துக்கொண்டு நின்றார்கள். நிலைமை முற்றுவதைக் கண்ட சுபியான், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தன் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனத்தைச் சொன்னான்.

"ரெண்டு பேரும் என்னையப் பிடிங்க. ஆர்ர பிடி அசல் எண்டு சனம் சொல்லட்டும்."

முர்ஷித் அவனுக்குப் பின்னால் போனார். "மச்சான், அந்தா மேல பாருங்க, கொக்கு பறக்குது!"

சுபியான் அண்ணாந்தான். அவ்வளவுதான், பூட்டு விழுந்துவிட்டது.

"உம்மோவ்!"

கத்தியது மட்டுமல்ல, பூட்டுக்குள் கிடந்த அவனுடைய இரண்டு கைகளும் யாரும் சொல்லாமலே கீழே இறங்கி முன்பக்கத்தைப் பொத்தப் பார்த்தன. கூட்டத்தில் நின்ற ஆண்களிலும் பலர், ஏனோ தெரியாது, கால்களை நெருக்கிக்கொண்டார்கள்.

அடுத்தது மாமனார். "மருமகன், மேல பாருங்க, கொக்கு பறக்குது!"

"உம்மோவ்!"

கைகள் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் ஓடின.

"கொக்கு எங்கட!" என்று முர்ஷித் பாய்ந்தார். "அது எங்கட வித்தைட ரகசியம். யப்பான்காரன் சொல்லித் தந்தது!"

"யப்பான்காரன் கொக்கெண்டு தமிழ்லயா சொன்னான்?"

முர்ஷித் அண்ணாவியாரையே பிடித்துக் கொக்குக் காட்டினார். அறுபத்திரண்டு வயது அண்ணாவியார் ஊரே கேட்க "உம்மோவ்!" என்றார். பிறகு அவர் முர்ஷித்தைப் பிடித்தார். அதே கொக்கு, அதே உம்மா, அதே இடத்தில் கைகள்.

எழும்பியதும் இருவரும் ஒரே நேரத்தில் சுபியான் பக்கம் திரும்பினார்கள்.

"மருமகன், இது ஆர்ர பிடி? இப்பவே சொல்லுங்க."

"ஓம், மச்சான் சொல்லட்டும்!"

சுபியானுக்கு அழுகை வந்தது. யா அல்லாஹ், இண்டைக்கு எங்க படுக்கிற? அவன் ஒலிவாங்கியைத் தூக்கிக் கூட்டத்திடமே கையேந்தினான்.

"இந்தப் பிடி எங்கரிந்து வந்ததெண்டு தெரிஞ்ச ஆராவது இரிக்கீங்களா?"

மடித்த கதிரையைக் கீழே வைத்துவிட்டு மீராலெவ்வைக் காக்கா நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி. ஒங்க மூணு பேருக்கும், அங்கால காலப் பூட்டிக்கிட்டு நிக்கிற அவ்வளவு பேருக்கும், சுன்னத்து வெக்கக்குள்ள கொக்கக் காட்டி இப்பிடித்தானே பிடிச்ச. பிடிச்ச நான், வெட்டின எங்கட வாப்பா!"