சிவப்பு ரிப்பன் கட்டிய எட்டுப் பேர்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை உங்கள் அக்காவின் இடது கையும் இடது காலும் அந்த வரியை எழுதவிடவில்லை. மற்ற எல்லாருக்கும் உடம்பில் குறையில்லை, மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை அக்காவைப் பார்க்க வருவதாகத் தெரிவித்திருந்தீர்கள். தாராளமாக வாருங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை மனப்பாடம் செய்து, கிழித்துப் போட்டுவிட்டு வாருங்கள். ஏழு வாரமாக இந்த வீட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு பொய்யைத் தூக்கிச் சுமக்கிறோம். நீங்கள் ஐந்தாவது தோள். அவளுக்கு அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் மரங்களைப் பற்றியது. பதினாலு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் எங்களைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். ஆறு நாள் மருந்துக்கடையில் பெட்டி பெட்டியாக லேபிள் படித்தவளுக்கு ஏழாவது நாள் இலையைப் படித்தாக வேண்டும். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன், எனக்குப் போகிற நேரமும் வருகிற நேரமும்தான் கண்ணில் படும். அவள் நின்று நின்று பாசியைத் தடவுவாள், நான் வாட்சைப் பார்ப்பேன். மகள் போனைப் பார்ப்பாள். மாப்பிள்ளை ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் செய்கிறவர், அவர் எதையும் பார்க்காமல் காலில் ஒட்டிய முள்ளை மட்டும் பிடுங்கிக்கொண்டு வருவார். பேத்தி காளானைக் காலால் தட்டிவிட்டுத் திட்டு வாங்குவாள். இப்படியே பதினாலு வருஷம். ஐந்து மாசத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவள் படுத்துவிட்டாள். ஜன்னலோரம்தான் கட்டில். அந்த ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கும் ஒரு குழாயும்தான். ரெண்டு வாரம் குழாயையே பார்த்தவள் ஒரு நாள், "நீங்களாவது போய் அவங்க எப்படி இருக்காங்கன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க"ன்னா. யாருன்னு கேட்டேன். ஒன்பது பேரைச் சொன்னாள். எல்லாரும் மரம்.

அவள் வைத்த பேர்கள்: வீங்கின கன்னம், கூனர், இரட்டையர், கண்ணாடிக்காரர், இப்படி. கடைசி ஆள் சுவர்க்காரர். காட்டுக்குள் இடிந்து கிடக்கிறதே ஒரு செங்கல் கட்டடம், கூரை இல்லாமல், துருப்பிடித்த அடுப்புக் கதவோடு, அதன் மேற்குச் சுவரின் உச்சியில் முளைத்தவர். அவரை மட்டும் யாருக்கும் அடையாளம் தெரியும். மற்ற எட்டுப் பேரில் ஒருத்தரைக்கூட எங்களுக்குத் தெரியவில்லை, மைத்துனரே. பதினாலு வருஷம் கூடவே நடந்திருக்கிறோம், எல்லா மரமும் ஒரே மரமாக நிற்கிறது! ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சொன்னால், "பாசி எந்தப் பக்கம் இருந்துச்சு? அப்ப அது அவர் இல்ல, திரும்பப் போங்க" என்கிறாள். போட்டோ எடுத்தால் போச்சு என்பீர்கள். போன் வெளிச்சத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றி வாந்தி வருகிறது, வாயால் சொன்னால்தான் உண்டு. நாலு ஞாயிறு நாய் படாத பாடு பட்டு எட்டுப் பேரையும் கண்டுபிடித்தோம். மறுபடி தொலைத்துவிடக் கூடாதே என்று ஆளுக்கொரு ரிப்பன் கட்டினோம். சிவப்பு ரிப்பன். அந்தச் சிவப்பு மாப்பிள்ளையின் யோசனை என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். சுவர்க்காரருக்கு ஏற முடியாததால் கட்டவில்லை.

ரெண்டு வாரம் கழித்து ஒன்பது நாற்பதுக்குக் காட்டுக்குள் போகிறோம், வீங்கின கன்னம் இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. கீழே அடிக்கட்டை. அதன்மேல் ஒருத்தர் உட்கார்ந்து டீ குடிக்கிறார். மரம் வெட்டும் ஆட்களின் மேஸ்திரி. அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புத் துணி தொங்குகிறது.

"பாதையில சாய்ஞ்சிருக்கற மரத்தை எடுக்கச் சொல்லி உத்தரவுங்க. சிவப்பு கட்டினதெல்லாம் வெட்டணும். பதினாறுன்னு சொன்னாங்க, எண்ணினா இருபத்துநாலு இருந்துச்சு. ஆபீஸ்ல எட்டு கூடச் சேர்த்திருப்பாங்கன்னு முடிச்சுட்டோம்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கட்டினவரு நல்ல விவரமான ஆளு. ஒவ்வொண்ணும் என்ன மரம்ங்கறீங்க! நம்ம ஆளுங்க கட்டினதெல்லாம் குச்சி."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மகள் கூனரின் அடிக்கட்டை பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வீட்டுக்கு வந்தோம். உங்கள் அக்கா தலையணையில் சாய்ந்தபடி, "என்ன, எப்படி இருக்காங்க எல்லாரும்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தி, ஏழு வயசு, கொஞ்சம்கூட வாய் கூசாமல், "எல்லாரும் சூப்பரா இருக்காங்க. கூனர்கிட்ட புதுசா ஒரு அணில் வந்திருக்கு"ன்னுட்டா. உங்க அக்கா முகத்துல அப்படியொரு சிரிப்பு. அதுக்கப்புறம் எவனுக்குய்யா உண்மை வாயில வரும்?

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் போய், அந்த இடிந்த கட்டடத்துக்குள் சுவர்க்காரர் நிழலில் உட்கார்ந்து, அந்த வாரப் பொய்யைத் தயார் செய்கிறோம். சும்மாவா இருக்கிறது அது! மகள் இரட்டையர் இலை உதிர்க்கிறார் என்றால் மாப்பிள்ளை அதே இரட்டையருக்குத் துளிர் விட்டது என்கிறார். பேத்திதான் திருத்துகிறாள். ஆகவே நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டியது: கூனரின் அணில் குட்டி போட்டிருக்கிறது, மூன்று. வீங்கின கன்னத்தில் எறும்பு ஏறியது, பிறகு இறங்கிவிட்டது. இரட்டையரில் இளையவர் மூத்தவரைவிட உயரமாகிவிட்டார். கண்ணாடிக்காரர் பூத்திருக்கிறார், வெள்ளைப் பூ, வாசனை குறைவு. சுவர்க்காரரைக் கேட்டால் "இருக்காரு" என்றால் போதும், அவர் நிஜமாகவே இருக்கிறார், அவருக்குப் பொய் தேவையில்லை. நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம். உங்கள் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

தங்கள் இல்லத்தில் அனைவரும் நெடுநாள் நோய்நொடியின்றி இருக்கவும், தங்கள் நாக்குக்கு இரண்டு நாள் மட்டும் காவல் அமையவும் மனதார வேண்டும்,

தங்கள் அக்காவின் கணவன்.

பின்குறிப்பு: உறை எடுக்க அவள் கட்டில் பக்கத்து மேஜைக்குப் போனேன். "தம்பிக்கா? கண்ணாடிக்காரர் பூத்ததை எழுதினீங்களா?" என்றாள். எழுதினேன் என்றேன். "அது பட்ட மரங்க. செத்து நாலு வருஷம் ஆச்சு. மேல இருந்ததெல்லாம் கொடியோட இலை" என்றாள். அப்படித்தான் கண்டுபிடித்தாயா என்றேன். "அதுக்கு முன்னாடியே தெரியும். அன்னைக்கு உங்க பேன்ட் முழுக்க மரத்தூள். சொல்லிட்டா நாலு பேரும் காட்டுக்குப் போறதை விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்துடுவீங்களேன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றாள். சிவப்பு யார் வாங்கினது என்று கேட்டாள். மாப்பிள்ளை என்றேன். என்னையே பார்த்தாள். நான்தான். அவர் நீலம்தான் சொன்னார், தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியட்டும் என்று நான்தான் சிவப்பு என்று அடம்பிடித்தேன். மேலே அவரைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

பிறகு, "உயிரோட யாராவது மிச்சம் இருக்காங்களா?" என்றாள். சுவர்க்காரர் இருக்கிறார் என்றேன். "இலை இப்ப எப்படி இருக்கு?" என்றாள். ஏழு வாரம் அவர் நிழலில்தான் உட்கார்ந்திருந்தேன், மைத்துனரே, ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. ஆகவே எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சனிக்கிழமை வந்துவிடுங்கள். ஞாயிறு ஒன்பது நாற்பதுக்கு அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளுக்குச் சொல்ல வேண்டும்.