சாம்பல் நோய் கண்ட ஸ்ட்ராபெரி

ஞாயிற்றுக்கிழமை மைத்துனனின் பீரோவைத் தொடுவதில்லை என்று தையற்காரர் சபதம் பூண்டார். மைத்துனன் குடிபோகும் புது வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. தையற்காரரின் இடுப்போ, நாலு படி ஏறினாலே நியாயம் கேட்கும் இடுப்பு.

மனைவியிடம் முடியாது என்று சொல்லும் துணிவு அவர் பரம்பரையிலேயே இல்லை. ஆகவே, பின்முற்றத்தில் அவள் பிள்ளைகளைப்போல் வளர்த்த ஸ்ட்ராபெரிச் செடிகளை நாடினார். இலைக்கு வரும் பூஞ்சை நோய்களை முறையாகக் கேட்டறிந்தார். ஊதா வளையமும் நடுவே வெளுப்பும் கண்டால் புள்ளி நோய். வெளுப்பின்றி ஊதாத் திட்டாகவே பரவினால் கருகல் நோய். வெள்ளை மாவு படிந்தால் சாம்பல் நோய். மூன்றாவது நோய் அவர் கடையிலேயே இருந்தது. துணியில் கோடு போடும் வெள்ளைச் சாக்பீஸைப் பொடித்து, காலையில் இலைதோறும் பக்தியோடு தூவினார்.

"இங்க வந்து பாரேன்! செடிக்கெல்லாம் சாம்பல் நோய்!"

மனைவி வந்தாள். ஓர் இலையைத் தொட்டாள், திருப்பினாள், நெடுநேரம் பார்த்தாள். முகம் வாடியது.

"ஐயோ, முத்திப்போச்சே!"

"நீ தம்பி வீட்டுக்குக் கிளம்பு. நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்."

"நீங்க பாத்தாப் போதுமா? காத்தோட்டம் இல்லாமதாங்க இது வருது. தம்பி வீட்டு மொட்டைமாடியில காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. ஒரு தொட்டி விடாமத் தூக்குங்க. என் செடி பொழைக்கணும்!"

தொட்டிகள் பன்னிரண்டு என்று தையற்காரர் இன்றும் சொல்வார். எட்டுதான் என்பது மனைவியின் கூற்று. இருவரும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. கடைசித் தொட்டியை வைத்து நிமிர்ந்தபோது மைத்துனன் சொன்னான்: "வந்ததே வந்தீங்க, அத்தான், அப்படியே பீரோவுக்கும் ஒரு கை குடுங்க."

மாலையில் அவர் மொட்டைமாடித் தரையில் மல்லாந்து கிடந்தபடியே கேட்டார்.

"நோய் எப்ப குணமாகும்?"

மனைவி ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்தாள். பச்சைப்பசேல் என்றிருந்தது.

"நெஜ நோய்னா இலைக்கு அடியிலயும் மாவு பூத்திருக்கும், ஓரமெல்லாம் மேல சுருண்டிருக்கும். ஊரார் துணியெல்லாம் உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பாக்கற கை, இலைய மட்டும் திருப்ப மறந்துடுச்சே!"

அவர் அந்தக் கையை மெல்ல முதுகுக்கு அடியில் ஒளித்தார்.

"சரி, குணமாயிடுச்சு. எந்திரிங்க, எல்லாத் தொட்டியையும் வீட்டுக்கு எறக்கிடலாம்."